22 அக்சே வரிக்குள் ஒரு பேரரசு: ஹலீல் இனால்ஜிக் படித்த கணக்குகள்

உதுமானியப் பேரரசில் ஒரு ஜோடி உழவு மாடும் அது உழுகிற அளவு நிலமும் வைத்திருந்த குடியானவன் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு வரி கட்டினான். அடிப்படைத் தொகை 22 அக்சே. அக்சே என்பது ஒரு சின்ன வெள்ளிக்காசு. இருபது இல்லை, இருபத்தைந்தும் இல்லை, ஏன் 22? வரிக்கணக்கைப் படிக்கிறவர்கள் சாதாரணமாக நின்று யோசிக்காத கேள்வி இது. துருக்கிய வரலாற்றாசிரியர் ஹலீல் இனால்ஜிக் நின்று யோசித்தார். 1959இல் குடிகளின் வரிகளைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரையில் இதற்கு விடை இருக்கிறது.

இஸ்தான்புல்லைப் பிடித்த சுல்தான் இரண்டாம் மெஹ்மெத் காலத்துச் சட்டத்தொகுப்பில் குடியானவன் தன் ஊரின் வருவாயைப் பெறும் குதிரைவீரனுக்குச் செய்ய வேண்டிய ஊழியங்கள் வரிசையாக வருகின்றன. மூன்று நாள் வேலை, ஒரு வண்டி புல், வைக்கோல், விறகு, வண்டி ஓட்டிக்கொடுத்தல் என்று நீளும் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காசு மதிப்பு போட்டிருக்கிறது. மூன்று நாள் வேலைக்கு 3 அக்சே. எல்லாவற்றையும் கூட்டினால் 22 வருகிறது. ஒரு காலத்தில் உடம்பால் செய்த ஊழியம்தான் பிறகு காசாக மாறி, ஒரே வரியாக நின்றிருக்கிறது.

இதற்குப் பக்கத்தில் இனால்ஜிக் இன்னொரு சட்டத்தை எடுத்து வைத்தார். உதுமானியர் வருவதற்கு முன் தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதியில் ஆண்ட செர்பியப் பேரரசன் ஸ்டெஃபான் டுஷானின் 14ஆம் நூற்றாண்டுச் சட்டம் அது. அதன்படி குடியானவன் தன் பிரபுவுக்கு வாரத்துக்கு இரண்டு நாள் உழைக்க வேண்டும். ஒரு பக்கம் வாரத்துக்கு இரண்டு நாள். மறுபக்கம் ஆண்டுக்கு மூன்று நாள், அதையும் காசாகக் கட்டிவிடலாம். பால்கன் மக்கள் புதிய ஆட்சியை ஏன் அவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொண்டார்கள் என்ற கேள்விக்கு வாள், மதம் என்றுதான் அதுவரை பெரும்பாலும் பதில் சொல்லிவந்தார்கள். வயலில் இருந்தவனுக்கு என்ன மாறியது என்று கணக்கைப் பார்த்துச் சொன்னவர் இவர்.

இனால்ஜிக்கின் நூறாண்டு வாழ்க்கையை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: அரசவைப் புலவர்கள் எழுதிய வரலாற்றைத் தள்ளி வைத்துவிட்டு, எழுத்தர்கள் எழுதிய கணக்கைப் படித்தவர்.

அவர் பிறந்தது 1916இல், இஸ்தான்புல்லில். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. பேரரசுக்கு இன்னும் ஆறேழு ஆண்டுதான் ஆயுள். தந்தை கிரிமியாவிலிருந்து குடிபெயர்ந்து வந்த தாத்தார். குடியரசு அறிவிக்கப்பட்டபோது சிறுவனுக்கு ஏழு வயது. 1928 நவம்பரில் எழுத்துச் சீர்திருத்தச் சட்டம் வந்தபோது பன்னிரண்டு.

அந்தப் பன்னிரண்டு வயது முக்கியம். அதுவரை துருக்கிய மொழி அரபு எழுத்தில் எழுதப்பட்டது. சட்டம் வந்த சில மாதங்களில் பத்திரிகை, பாடநூல், அரசாணை எல்லாம் லத்தீன் எழுத்துக்கு மாறின. அதற்குப் பின் பள்ளிக்குப் போன குழந்தைக்குத் தன் தாத்தாவின் கடிதத்தைப் படிக்கத் தெரியாது, கல்லறைக் கல்வெட்டு புரியாது. ஆவணக் காப்பகத்தில் இருந்த கோடிக்கணக்கான தாள்கள் சொந்த நாட்டிலேயே அந்நியமாகிவிட்டன. இனால்ஜிக்கின் தலைமுறை இரண்டு பக்கமும் கால் வைத்திருந்த தலைமுறை. பழைய எழுத்தைப் பள்ளியிலேயே கற்றார்கள், புதிய எழுத்தில் வளர்ந்தார்கள்.

அந்தக் காலத்தில் ஆவணங்களுக்கு என்ன மதிப்பு இருந்தது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1931இல் இஸ்தான்புல்லில் நிதித்துறைக்குச் சொந்தமான பழைய தாள்கள் டன் கணக்கில் மூட்டை கட்டப்பட்டுக் கழிவுக் காகித விலைக்கு பல்கேரியாவுக்கு விற்கப்பட்டன. முஅல்லிம் ஜெவ்தெத் என்ற ஆசிரியர் கூக்குரலிட்ட பிறகுதான் அவை எவ்வளவு பெரிய சொத்து என்று அரசுக்கு உறைத்தது. பெரும்பகுதி திரும்பி வரவே இல்லை. இன்றும் சோஃபியா நகரின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. உதுமானிய வரலாற்றை ஆராய்கிறவர்கள் அதற்காகவே சோஃபியாவுக்குப் போகிறார்கள்.

இனால்ஜிக் பாலிகேசிர் நகரில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்தார். அங்கே அவருக்கு இலக்கியம் நடத்தியவர்களில் ஒருவர் அப்துல்பாக்கி கோல்பினார்லி, பிற்காலத்தில் சூஃபி இலக்கிய ஆய்வில் பெரிய பெயர். அப்புறம் அங்காரா. துருக்கிக் குடியரசை நிறுவிய அதாதுர்க் 1935இல் மொழி, வரலாறு, புவியியலுக்கென்றே அங்கே ஒரு கல்லூரியைத் தொடங்கியிருந்தார். அதன் ஆரம்பகால மாணவர்களில் இவரும் ஒருவர்.

அந்தக் கல்லூரி ஒரு விசித்திரமான இடம். ‘துருக்கிய வரலாற்றுக் கொள்கை’ என்று அரசு ஒன்றை அப்போது முன்வைத்திருந்தது. மத்திய ஆசியாவிலிருந்து கிளம்பிய துருக்கியர்தான் பழைய நாகரிகங்களுக்கெல்லாம் வேர், சுமேரியரும் ஹிட்டைட்டுகளும் அவர்கள் வழிவந்தவர்களே என்பது அதன் சாரம். இதற்கு ஆதாரம் தேடித்தான் சுமேரியவியல், ஹிட்டைட்டியல், சீனவியல், இந்தியவியல் துறைகள் திறக்கப்பட்டன. ஆனால் அந்த நாற்காலிகளில் வந்து உட்கார்ந்தவர்கள் நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறிய முதல்தர அறிஞர்கள். சுமேரியவியலுக்கு பென்னோ லாண்ட்ஸ்பெர்கர், ஹிட்டைட்டியலுக்கு ஹான்ஸ் குட்டர்போக், இந்தியவியலுக்கு வால்டர் ரூபன். மூலத்தைப் படிக்காமல் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடு வந்தவர்கள் அவர்கள். அரசு கொள்கைக்காகத் திறந்த கதவு வழியே முறையியல் உள்ளே வந்தது. 1930களின் அங்காராவைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் பெரிய வியப்பு.

உதுமானிய வரலாற்றில் அவருக்கு வழிகாட்டியவர் ஃபுவாத் கோப்ருலு. துருக்கிய இலக்கிய வரலாற்றையே ஒரு துறையாக நிறுவியவர், பின்னாளில் நாட்டின் வெளியுறவு அமைச்சரானவர். தைமூர் பற்றி இனால்ஜிக் எழுதிய ஒரு கருத்தரங்குக் கட்டுரை அவர் கண்ணில் பட்டது. 1940இல் பட்டம் வாங்கிய கையோடு அதே கல்லூரியில் உதவியாளர் வேலையும் கிடைத்தது.

முனைவர் பட்ட ஆய்வு பல்கேரியப் பிரச்சினை பற்றியது. 1943இல் நூலாக வந்தது. 1850இல் இன்றைய பல்கேரியாவின் விதின் பகுதியில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். பல்கேரிய வரலாற்றில் அது தேசிய எழுச்சி. உதுமானியப் பார்வையில் அந்நியத் தூண்டுதல். 27 வயது ஆய்வாளர் இரண்டையும் விட்டுவிட்டு நில உறவைப் பார்த்தார். விதினில் நிலம் ஆகாக்கள் எனப்பட்ட முஸ்லிம் நிலக்கிழார்களின் கையில் மட்டுமே இருக்க முடியும் என்ற நிலை. உழுதவன் அரசுக்கும் கட்டினான், ஆகாவுக்கும் கட்டினான், அதற்கு மேல் ஊழியமும் செய்தான். சீர்திருத்தம் வருகிறது, இனி எல்லோரும் சமம் என்று இஸ்தான்புல் அறிவித்த பிறகும் அந்தச் சுமை இறங்கவில்லை. ஆத்திரம் வெடித்தது. இன்று இது எளிதாகத் தோன்றலாம். தேசியவாதம் கொடிகட்டிப் பறந்த 1943இல், சொந்தப் பேரரசின் குடிகள் கிளர்ந்தது அநீதியால்தான் என்று அரசின் ஆவணங்களைக் கொண்டே ஒரு துருக்கிய இளைஞர் காட்டியதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

1949இல் லண்டன் போனார். அங்கே கீழைத்தேய ஆய்வுப் பள்ளியில் பால் விட்டெக் நடத்திய வகுப்புகளில் உட்கார்ந்தார். உதுமானிய அரசு எழுந்ததற்கு எல்லைப்புறத்து சமயப் போர்வீரர்களின் உத்வேகமே காரணம் என்ற கோட்பாட்டை முன்வைத்தவர் விட்டெக். அடுத்த ஆண்டு பாரிஸில் நடந்த உலக வரலாற்று மாநாட்டில் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஃபெர்னாண்ட் பிரோடெலைச் சந்தித்தார். மத்தியதரைக் கடல் பற்றிய பிரோடெலின் பெரிய நூல் 1949இல்தான் வந்திருந்தது. மன்னர்களையும் போர்களையும் மேற்பரப்பு அலைகளாக வைத்து, மலை, தானியம், விலைவாசி, வணிகப் பாதை ஆகியவற்றை ஆழத்து நீரோட்டமாகப் பார்த்த நூல் அது. இனால்ஜிக்குக்கு அது பிடித்துப்போனது. ஆனால் அந்தக் கடலின் கிழக்குப் பாதி அதில் மங்கலாக இருந்தது. அந்தப் பாதிக்கான கணக்குப் புத்தகங்கள் இஸ்தான்புல்லிலும் பூர்சாவிலும் கிடந்தன. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். அவர்களில் மூத்தவர் இஸ்தான்புல்லில் இருந்த ஓமர் லுத்ஃபி பர்கான். அடுத்தவர் இனால்ஜிக்.

சரி, அந்தக் கணக்குகள் எப்படிப்பட்டவை? உதுமானியர் ஒரு பகுதியைப் பிடித்ததும், பிறகு சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறையும், அதிகாரி ஒருவரும் எழுத்தர் ஒருவரும் ஊர் ஊராகப் போனார்கள். குடும்பத் தலைவன் பெயர், அவன் தகப்பன் பெயர், மணமாகாத ஆண்கள், கைம்பெண் நடத்தும் குடும்பங்கள், கோதுமை எவ்வளவு, பார்லி எவ்வளவு, தேன்கூடு, ஆலை, ஆட்டு வரி என்று எல்லாம் பதிவாகும். தொகைகள் சியாகத் என்ற தனி எழுத்தில் இருக்கும். நிதித்துறை எழுத்தர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட சுருக்கெழுத்து போன்றது அது. எழுத்துகளுக்குப் புள்ளி கிடையாது, எண்கள் சொற்களின் சிதைந்த வடிவங்கள். அரபு எழுத்தில் புள்ளி இல்லையென்றால் ப, த, ன எல்லாம் ஒன்றுபோல்தான் தெரியும். பழைய எழுத்தைச் சரளமாகப் படிக்கிற துருக்கியருக்கும் சியாகத் புரியாது. அதைப் பழகவே ஆண்டுக்கணக்கில் ஆகும்.

1954இல் இனால்ஜிக் பதிப்பித்த அல்பேனியப் பதிவேடு இந்த வகைப் பதிவேடுகளில் இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையது. ஹிஜ்ரி 835, அதாவது 1431–32. ஊர்களின் வருவாயை யாருக்கு ஒதுக்கினார்கள் என்று அதில் இருக்கிறது. இப்படி வருவாய் பெற்று அதற்குப் பதில் போருக்குக் குதிரையோடு வருகிறவன் சிபாஹி. நம் ‘சிப்பாய்’ அதே பாரசீகச் சொல்தான். அவனுக்குக் கொடுத்த வருவாய் திமார். இந்தப் பதிவேட்டில் திமார் பெற்றவர்களில் கணிசமானவர்கள் கிறிஸ்தவர்கள். பழைய உள்ளூர் பிரபுக் குடும்பத்தினர் மதம் மாறாமலேயே சுல்தானின் படையில் சேர்ந்து தங்கள் வருவாயில் ஒரு பகுதியைத் தக்கவைத்துக்கொண்டிருக்கிறார்கள். வந்தார்கள், வெட்டினார்கள், மதம் மாற்றினார்கள் என்ற பள்ளிப்பாடச் சித்திரம் இந்த ஒரு பதிவேட்டில் ஆட்டம் கண்டது. இதற்கு எதிர்மாறாக, நாங்கள் வந்ததும் எல்லோரும் மகிழ்ந்து வரவேற்றார்கள் என்ற துருக்கியப் பெருமிதமும் அதில் தப்பவில்லை. அதே அல்பேனியாவில்தான் அடுத்த பத்தாண்டுகளில் அல்பேனியத் தலைவர் ஸ்கந்தர்பே உதுமானியருக்கு எதிராக நடத்திய நீண்ட கிளர்ச்சி நடந்தது.

அதே ஆண்டு வெளிவந்த இன்னொரு கட்டுரையில் உதுமானியர் நாடு பிடித்த விதத்தை அவர் இரண்டு படிகளாகப் பிரித்துக் காட்டினார். முதலில் உள்ளூர் அரசனைக் கப்பம் கட்டும் நிலைக்குக் கொண்டுவருவது. பிறகு மெல்ல அவனை விலக்கிவிட்டு, கணக்கெடுத்து, திமார் பிரித்து நேரடியாக ஆள்வது. இருபது பக்கத்துக்குச் சற்றே கூடுதலான கட்டுரை. எழுபது ஆண்டாகிறது, இன்னும் பாடத்திட்டத்தில் இருக்கிறது.

இதையெல்லாம் கோத்து அவர் கட்டிய கருத்துக்கு சிஃப்த்-ஹானே என்று பெயர். சிஃப்த் என்றால் ஜோடி, அதாவது ஏர் மாடு. ஹானே என்றால் வீடு. யுனானி தவாகானாவில் வருகிற அதே ‘கானா’. ஒரு குடும்பம், ஒரு ஜோடி மாடு, அந்த மாடு உழக்கூடிய நிலம்: இந்த மூன்றும் சேர்ந்தது ஓர் அலகு. மண்ணின் வளத்தைப் பொறுத்து நிலத்தின் அளவு கூடும், குறையும். நிலம் அரசுடையது, விற்க முடியாது, பாகம் பிரிக்க முடியாது. ஆனால் உழுகிறவரை யாரும் வெளியேற்றவும் முடியாது, அப்பனுக்குப் பின் மகன் உழலாம். நிலத்தை விட்டுவிட்டு ஊரைவிட்டுப் போனால் அதற்குத் தனியாக ஒரு தண்டவரி உண்டு. அதன் பெயர் ‘சிஃப்த்-போஸான்’, ஏரைக் கலைத்தவன். ஒரு பேரரசு எதைக் கண்டு பயந்தது என்பது அந்தப் பெயரிலேயே தெரிகிறது. ஏர் கலைந்தால் வரி கலையும், வரி கலைந்தால் குதிரைவீரன் இல்லை.

வரி கட்டும் குடிகளுக்கு அவர்கள் வைத்த பெயர் ரயிய்யெத். தமிழ்நாட்டு நிலவரி வரலாறு படித்தவர்களுக்கு ரயத்துவாரி என்ற சொல் பழக்கம், வேர்ச்சொல் ஒன்றுதான். முறை வேறு. ஆனாலும் இந்தச் சொற்கள் இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதியான அனதோலியாவிலிருந்து தக்காணம் வரை ஒரே எழுத்தர் மரபு வழியாகப் பரவின என்று தெரிந்து படித்தால், இனால்ஜிக்கின் கட்டுரைகள் தமிழ் வாசகருக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை.

இந்தியாவுடன் நேரடித் தொடர்பே அவருடைய ஆய்வில் உண்டு. அதற்கு பூர்சாவுக்குப் போக வேண்டும். உதுமானியரின் ஆரம்பத் தலைநகரங்களில் ஒன்று அது, இஸ்தான்புல்லுக்குத் தெற்கே மலையடிவாரத்து நகரம். அங்கே காதி நீதிமன்றத்தின் பதிவேடுகள், நாம் காஜி என்கிறோமே அவருடைய பதிவேடுகள், 15ஆம் நூற்றாண்டிலிருந்து இருந்தன. 1940களிலேயே இனால்ஜிக் அவற்றில் இறங்கிவிட்டார். ஒருவர் இறந்துபோனால் காதியின் ஆள் வந்து வீட்டிலுள்ள பண்டங்களை எழுதுவார். அதனால் வணிகனின் பெட்டியில் எத்தனை சுருள் துணி, யாருக்குக் கடன், யாரிடம் வரவு என்று எல்லாம் பதிவாகியிருக்கிறது. ஈரானிலிருந்து ஒட்டகங்களில் வந்த கச்சாப் பட்டு பூர்சாவில் எடைபோடப்பட்டு, இத்தாலிய வணிகர்களுக்குக் கைமாறியது. நகரத்திலேயே தறிகள் ஓடின. தறியில் இருந்தவர்களில் பலர் அடிமைகள். இத்தனை துணி நெய்து கொடுத்தால் உனக்கு விடுதலை என்று எஜமானன் காதி முன்னால் ஒப்பந்தம் எழுதிக்கொடுப்பான். பட்டு வெல்வெட்டில் இத்தனை, பூவேலைப் பட்டில் இத்தனை என்று விடுதலைக்கு அளவு எழுதப்பட்டிருக்கிறது. வரலாற்றில் பெயரில்லாத மனிதர்கள் இவர்கள். நீதிமன்ற எழுத்தர் ஒருவர் கடமைக்கு எழுதி வைத்ததால் இன்று நமக்குத் தெரிகிறார்கள்.

அந்தப் பதிவேடுகளில் ஒரு நாள் தக்காணம் தலைகாட்டியது. பாமினி சுல்தானகத்தின் பெரிய அமைச்சர் மஹ்மூத் காவான் தன் ஆட்களை இந்தியச் சரக்கோடு பூர்சாவுக்கு அனுப்பியிருக்கிறார். துணிகளை விற்க வந்தவர்கள் சிலர் அங்கிருந்து பால்கன் பக்கமும் போயிருக்கிறார்கள். காவான் பீதரில் கட்டிய மதரஸாவை இன்றும் போய்ப் பார்க்கலாம். 1481இல் பாமினிப் படை காஞ்சிபுரம் வரை வந்து சூறையாடிய அதே காலம்தான் இது. ஒரே அரசின் ஒரு கை காஞ்சியில், இன்னொரு கை பூர்சாச் சந்தையில். 1960இல் பூர்சா வணிகம் பற்றி இனால்ஜிக் வெளியிட்ட கட்டுரையில் இந்தச் செய்தியைப் படித்தபோது நான் வரைபடத்தை எடுத்து விரலால் வழியைத் தொட்டுப் பார்த்தேன்.

பிறகு பருத்திக்கே தனியாக ஓர் ஆய்வு எழுதினார், 1970களின் இறுதியில். உதுமானியச் சந்தையை நிறைத்தவை இந்தியப் பருத்தித் துணிகள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து வரலாற்றாசிரியர் நைமா இதைக் கண்டு புலம்பியிருக்கிறார். இந்தியர் நம்மிடம் எதையும் வாங்குவதில்லை, நம் பணமெல்லாம் அவர்கள் நாட்டுக்குப் போய்க் குவிகிறது என்பது அவருடைய குறை. இந்தியத் துணி ஏன் வென்றது? இனால்ஜிக் கூலிக்கணக்கைப் போட்டார். இந்திய நெசவாளியின் கூலி குறைவு. அனதோலிய நெசவாளி அந்த விலைக்கு நெய்ய முடியவில்லை. பிரிட்டனில் நூற்பு இயந்திரம் வந்து கூலியின் பங்கையே சுருக்கிய பிறகுதான் ஆட்டம் மாறியது. அப்போது இந்தியத் துணியும் உதுமானியத் துணியும் ஒன்றாக அடிவாங்கின. மான்செஸ்டர் இந்திய நெசவை என்ன செய்தது என்பது நமக்கு நன்றாகத் தெரிந்த கதை. அதன் இன்னொரு முனை இஸ்தான்புல்லின் கடைத்தெருவில் இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அவருடைய கிரிமிய வேரும் எழுத்தில் வந்துகொண்டே இருந்தது. டான் நதியையும் வோல்கா நதியையும் கால்வாய் வெட்டி இணைக்க 1569இல் உதுமானியர் செய்த முயற்சி பற்றி 1948இல் எழுதினார். கிரிமியாவின் கஃபா துறைமுகத்தில் 1487 முதல் 1490 வரை வசூலான சுங்கத்தின் பதிவேட்டை 1996இல் பதிப்பித்தார். இரண்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டு. தந்தை விட்டு வந்த ஊரின் துறைமுகத்தில் எந்தக் கப்பல் என்ன சரக்கு இறக்கியது என்று மகன் வரிவரியாகப் படித்திருக்கிறார்.

விவாதங்களுக்கும் அவர் அஞ்சியதில்லை. ஜெர்மன் அறிஞர் ஃபிரான்ஸ் பாபிங்கர் இரண்டாம் மெஹ்மெத் பற்றி 1953இல் வெளியிட்ட பெரிய வாழ்க்கை வரலாறு ஐரோப்பாவில் கொண்டாடப்பட்டது. அது பெரும்பாலும் மேற்கத்திய மூலங்களைச் சார்ந்தது. அடிக்குறிப்பே இல்லாமல் வந்தது. 1960இல் இனால்ஜிக் அமெரிக்க இதழ் ஒன்றில் அதை உதுமானிய மூலங்களோடு ஒப்பிட்டுப் பிழைகளைத் திருத்தி எழுதினார். அது நூல் மதிப்புரைதான். ஆனால் உதுமானிய ஆவணத்தைப் படிக்காமல் உதுமானியரைப் பற்றி எழுத முடியாது என்ற நிலை அதற்குப் பிறகு உறுதியானது.

1972இல், 56 வயதில், அங்காராவை விட்டு சிகாகோ பல்கலைக்கழகம் போனார். 1986 வரை அங்கே. 1973இல் லண்டனில் வெளியான அவருடைய நூல் 1300 முதல் 1600 வரையான காலத்தை ‘செவ்வியல் காலம்’ என்று வகுத்தது. பால்கன் மொழிகள் பலவற்றுக்குப் போன அந்த நூல் துருக்கிய மொழியில் வந்தது 2003இல், முப்பது ஆண்டு கழித்து.

அந்த நூலின் பெயரே பின்னால் ஒரு சிக்கலைக் கிளப்பியது. 1600 வரை செவ்வியல் காலம் என்றால் அதற்குப் பின் என்ன? சரிவா? பழைய வரலாற்றாசிரியர்கள் அப்படித்தான் சொன்னார்கள்: நல்ல சுல்தான்கள் போனார்கள், அந்தப்புரம் ஆண்டது, பேரரசு முந்நூறு ஆண்டு தேய்ந்தது. இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இதை ஏற்பதில்லை. ஒரு அரசு முந்நூறு ஆண்டு சரிந்துகொண்டே இருக்க முடியாது, அது மாறியது என்கிறார்கள். இனால்ஜிக்கின் 1973 நூல் இந்தச் சரிவுக் கதைக்கு இடம் கொடுத்தது உண்மை. அதே இனால்ஜிக்தான் 1980இல் எழுதிய கட்டுரையில் அதற்கு மாற்றையும் தந்தார். 1593 முதல் 1606 வரை ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தோடு நடந்த போரில் குதிரைவீரனால் துப்பாக்கிக் காலாட்படைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அரசு கிராமத்து இளைஞர்களுக்குத் துப்பாக்கி கொடுத்துக் கூலிப்படை சேர்த்தது. போர் முடிந்ததும் கூலி நின்றது, துப்பாக்கி கையில் நின்றது. அனதோலியா முழுவதும் கிளர்ச்சிக் கூட்டங்கள் அலைந்தன. எப்போதாவது வசூலித்த அவசர வரி ஆண்டு வரியானது. அதை வசூலிக்க உள்ளூர்ப் பெரியவர்களை நம்ப வேண்டியிருந்தது, அவர்கள் கை ஓங்கியது. இதில் எந்தச் சுல்தானின் குணக்கேடும் காரணமாக வரவில்லை. போர்முறையும் காசும்தான் வருகின்றன. தன் நூலின் கட்டமைப்பைத் தானே தளர்த்தத் தயங்காத இந்தக் கட்டுரையை, அந்தப் புகழ்பெற்ற நூலைவிட உயர்வாக நான் மதிக்கிறேன்.

அவர் மீதான விமர்சனங்களில் கனமானது இன்னொன்று. அரசு எழுதிய கணக்கைப் படிக்கிறவர் அரசின் கண்ணாலேயே பார்க்கத் தொடங்கிவிடுவார் என்பது. சிஃப்த்-ஹானே அரசு விரும்பிய ஒழுங்கு. எகிப்து, அரபு மாகாணங்கள், நாடோடிக் குழுக்கள் என்று அந்த அச்சில் அடங்காதவை நிறைய. பதிவேட்டில் குடியானவன் வரியாக வருகிறான். அவன் என்ன நினைத்தான் என்று பதிவேடு சொல்லாது. இந்த விமர்சனம் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் விதின் ஆய்வு எழுதிய அந்த இளைஞருக்கு இது தெரியாமல் இல்லை.

கடினமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1985 மே மாதம் அமெரிக்க நாளிதழ்களில் 69 கல்வியாளர்கள் கையெழுத்திட்ட விளம்பரம் ஒன்று வந்தது. 1915இல் ஆர்மீனியர்களுக்கு நேர்ந்ததை இனப்படுகொலை என்று குறிக்கும் தீர்மானத்தை அமெரிக்க நாடாளுமன்றம் ஏற்கக் கூடாது என்று அது கேட்டது. கையெழுத்திட்டவர்களில் இனால்ஜிக் ஒருவர். டொனால்ட் குவாட்டேர்ட் இன்னொருவர்; 1994இல் உதுமானியப் பொருளாதார, சமூக வரலாறு பற்றிய பெருநூலை இனால்ஜிக்கோடு சேர்ந்து பதிப்பித்தவர். குவாட்டேர்ட் பிறகு நிலை மாறினார். நடந்தது இனப்படுகொலையே என்று 2006இல் எழுதினார். அதனால் துருக்கிய ஆய்வு நிறுவனம் ஒன்றின் தலைமைப் பொறுப்பை விட வேண்டிவந்தது. விதின் விவசாயியின் வலியை ஆவணத்தில் கண்டுபிடித்த கை இந்த விளம்பரத்தில் கையெழுத்திட்டது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. அவரைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டுப் போக முடியாது.

1990களின் தொடக்கத்தில் நாடு திரும்பி, அங்காராவில் பில்கென்ட் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையை நிறுவினார். ஓய்வு வயதைத் தாண்டிய ஒருவர் புதிதாகத் துறை தொடங்கியது மட்டுமில்லை, இறுதிவரை மாணவர்களோடு இருந்தார். தன் நூலகத்தை அந்தப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். அவரிடம் படித்தவர்களில் பொதுமக்களுக்கு மிகவும் தெரிந்தவர் இல்பெர் ஓர்தாய்லி. துருக்கியில் இனால்ஜிக்கை ‘வரலாற்றாசிரியர்களின் ஷேக்’ என்று அழைத்தார்கள். 2009 முதல் வெளிவந்த அவருடைய உதுமானிய வரலாற்றுத் தொகுதிகளைச் சாதாரண வாசகர்களும் வாங்கிப் படித்தார்கள்.

முதிய வயதிலும் ஒரு விஷயத்தில் விடாப்பிடியாக இருந்தார். உதுமானிய அரசு நிறுவப்பட்ட ஆண்டு 1299 என்பது வழக்கம்; 1999இல் துருக்கி 700ஆம் ஆண்டு விழா எடுத்தது. இனால்ஜிக் ஒத்துக்கொள்ளவில்லை. பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசு) எழுத்தாளர் பாக்கிமேரெஸின் குறிப்பையும் உதுமானிய மரபையும் சேர்த்துப் படித்து, 1302 ஜூலை 27 அன்று பாஃபேயஸ் போரில் உஸ்மான் பைசாந்தியப் படையை வென்றதுதான் தொடக்கம் என்றார். அதுவரை பல எல்லைத் தலைவர்களில் ஒருவராக இருந்த உஸ்மான், பேரரசின் படையையே வென்ற பெயரோடு ஒரு வம்சத்தின் தலைவரானது அன்றுதான் என்பது அவர் வாதம். போர் நடந்த இடத்தைத் தேடி யலோவா பக்கத்துக் கடற்கரைக்கே போய், நிலத்தை நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

2016 ஜூலை 25 அன்று அங்காராவில் காலமானார். தோல்வியில் முடிந்த ராணுவக் கிளர்ச்சி நடந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது, நாடே கொந்தளித்துக்கொண்டிருந்தது. இஸ்தான்புல் ஃபாத்திஹ் மசூதி வளாகத்தில், இரண்டாம் மெஹ்மெத்தின் சமாதிக்கு அருகே அவரை அடக்கம் செய்தார்கள்.

அதற்கு நான்கு ஆண்டு முன்னால், தொண்ணூற்றைந்து வயதைத் தாண்டி, அவர் பதிப்பித்தது 1455ஆம் ஆண்டின் இஸ்தான்புல் கணக்கெடுப்பு. மெஹ்மெத் நகரைப் பிடித்து இரண்டு ஆண்டு கழித்து, எழுத்தர்கள் தெருத்தெருவாக நடந்து வீடுகளை எழுதிய பதிவேடு. முழுமையாகக் கிடைக்கவில்லை, கலாட்டா என்ற வட்டாரமும் நகரின் ஒரு பகுதியும்தான் மிஞ்சியிருக்கின்றன. இந்த வீட்டில் இன்னார், இந்த வீடு காலி, இது இடிந்துகிடக்கிறது, இந்த மடத்தில் சில கிரேக்கர் இருக்கிறார்கள் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. நகரம் வீழ்ந்த நாளைப் பற்றி நூற்றுக்கணக்கான நூல்கள் உண்டு. வீழ்ந்த பிறகு எந்தக் கதவுக்குப் பின்னால் யார் மிஞ்சினார்கள் என்று தெரிய, 557 ஆண்டு கழித்து இந்தப் பக்கங்கள் அச்சேற வேண்டியிருந்தது.